திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற பிள்ளை

பிள்ளை பார்க்கிற தொழிலில் அழுகிற பிள்ளைக்குப் பயப்படத் தேவையில்லை. அழாமல் மூலையில் போய் நிற்கிற பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும்.

பேரப்பிள்ளையோ ஊரார் பிள்ளையோ பார்த்து முதுகு ஒடிந்தவர் என்றால் மேலே வாசியுங்கள். மற்றவர்களுக்கு இது விளங்காது.

ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து குடியேறின மல்வேர்னில், எங்கள் ஒட்டிக் கட்டின ரவுன்ஹவுசின் கீழ்த்தளத்தில் என் மனிசி பரமேஸ் டே கெயர் நடத்துகிறாள். கார் பாகங்கள் செய்யும் ஃபக்ரரியிலிருந்து ஓய்வு பெற்று, இனிக் கதிரையில் இருக்கலாம் என்று நினைத்தேன். அவளுக்கு முழங்கால் போய்விட்டது. அதனால் நான்தான் சமையல்காரன், சாரதி, கழுவுகிறவன். அவள் முதலாளி.

ஆரூரன், எங்கள் வாயில் ஆரு, எங்களிடம் வந்தபோது இரண்டு வயது தாண்டியிருந்தான். தாய் துஷ்யந்தி முதியோர் இல்லத்தில் வேலை, விடியவே பஸ் எடுத்துப் போய்விடுவாள். தகப்பன் கோபி இரவில் லொறி ஓடுகிறவன். காலையில் வேலையால் வந்து பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்ப் படுப்பான். பின்னேரம் தாய் வந்து கூட்டிப்போவாள். தாய் என்னை அங்கிள் என்கிறபடியால் பிள்ளையும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டான். நானும் திருத்தவில்லை.

திரைச்சீலை

கீழ்த்தள ஜன்னலில் தரை தொடுகிற திரைச்சீலை ஒன்று. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆரு அதற்குப் பின்னால் போய்விடுவான். கீழே இரண்டு குதிக்கால் மட்டும் தெரியும். நிலத்தில் படாது. நுனிக்காலில் நிற்பான், ஒரு கால் மற்றதைப் பின்னியிருக்கும். சீலையை விலக்கினால் முகம் இரத்தமாய்ச் சிவந்து, நெற்றி வியர்த்து, கண் எங்கோ போயிருக்கும்.

வெளிக்குப் போக முக்குகிறான் என்று நினைத்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பரமேஸ் கை தட்டி, முக்கு ராசா முக்கு என்பாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி தோற்கும். ஆனால் டயப்பரில் ஒன்றும் இராது. அடுத்த நாளும் இராது.

பிறகு ஒருநாள் வந்தது. கல்லு மாதிரி. கூடவே கொஞ்சம் இரத்தம். அவன் வைத்த கத்தலில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து பரமேசின் சீலையைப் பிடித்துக்கொண்டன. நான் கழுவினேன். கழுவும்போது நான் கதைப்பதில்லை. துடைத்து, பூசி, புதிதாகக் கட்டி நிமிர்த்தி விட்டேன். என் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கத்தி முடிந்த குரல்.

"கக்கா வேண்டாம், அங்கிள். இனி வேண்டாம்."

வெற்றிலைக் காம்பு

கோபிக்குப் பிக்கரிங்கில் ஒரு மாமி இருக்கிறா. அவனுடைய தகப்பனின் தங்கச்சி. நல்ல மனிசி. அந்த நல்ல மனசோடுதான் ஞாயிற்றுக்கிழமை வந்து, வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் தோய்த்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறா. கோபி கால் இரண்டையும் பிடித்தானாம். துஷ்யந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். கொஞ்சம் வந்ததாம். மாமிக்கு வெற்றி.

திங்கட்கிழமை டயப்பர் மாற்றப் போனேன். பெடியன் என்னைத் தெரியாதவன் மாதிரி உதைத்தான். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். துடைக்கிற ஈரக் கடதாசியைக் கண்டாலே நடுங்கினான். அன்றைக்கு முழுக்கக் குந்தி இருக்கவில்லை. நின்றபடி சாப்பிட்டான். நித்திரையும் என் தோளில்தான், நான் நின்றபடி.

எனக்குக் கோபம். நம்பர் வாங்கி மாமிக்கு ஃபோன் எடுத்தேன். பிள்ளையின் பின்பக்கத்தில் இனி ஒன்றும் வைக்கக்கூடாது, காம்பும் வேண்டாம், சவர்க்காரத் துண்டும் வேண்டாம், உள்ளே கிழிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். நான் நீட்டிக் கதைக்கிறவன் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். மாமியின் மறுமொழி உடனே வந்தது.

"நாலு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினனான், அண்ணை. நீங்கள் உங்கை நட்டும் போல்ட்டும் பூட்டினனீங்கள்."

அஜின்கோர்ட்டில் டொக்டர்

பிறகும் போகவில்லை. வயிறு தடித்தது. சாப்பாட்டைத் தள்ளினான். துஷ்யந்தி வேலைக்கு லீவு சொன்னாள். கோபி இரவு ஓட்டம் முடிந்து பிணம் மாதிரிக் கிடந்தான். நான் காரை எடுத்தேன்.

டொக்டர் பிள்ளையைத் தாயின் மடியிலேயே வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தா. அவசரப்படவில்லை. திரைச்சீலைக் கதையை நான் சொன்னேன். நுனிக்காலோ என்று கேட்டா. ஓம் என்றேன். கால் பின்னியிருக்குமோ என்று கேட்டா. ஓம். பிறகு தாயைப் பார்த்துத்தான் எல்லாம் விளங்கப்படுத்தினா. ஒருக்கா நொந்தால் பிள்ளை அடக்கும். அடக்க அடக்க உள்ளே இறுகும். இறுகினது வெளியே வரும்போது இன்னும் நோகும். அதனால் இன்னும் அடக்கும். மாமியின் வைத்தியத்தைத் துஷ்யந்தி குனிந்தபடி சொன்னபோது டொக்டர் ஏசவில்லை. இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னா.

தண்ணீரில் கரைக்கிற பவுடர் ஒன்று, நிறையைப் பார்த்து அளவு சொல்லித் தந்தா. மணமும் இல்லை, உருசியும் இல்லை. தண்ணீர், பழம், கீரை, பருப்பு. சாப்பிட்ட உடனே கொஞ்ச நேரம் பொட்டியில், பிள்ளைகள் வெளிக்குப் போகிற சின்ன இருக்கையில், இருத்த வேண்டும், கால் ஊன்றி இருக்க வேண்டும், வராவிட்டால் பேசாமல் எழுப்பிவிட வேண்டும். வாந்தி எடுத்தால், வயிறு ஊதி நொந்தால், காய்ச்சல் அடித்தால் நேரே எமர்ஜென்சி. பால் எவ்வளவு குடிக்கிறான் என்றும் கேட்டா. காலையில் ஒரு போத்தல், படுக்கும்போது ஒன்று என்றாள் துஷ்யந்தி. டொக்டர் தலையை ஆட்டினா, நம்பின மாதிரித் தெரியவில்லை. பால் கூடினால் பசி போய்விடும், பசி போனால் மற்றது ஒன்றும் உள்ளே போகாது, ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் கப்புக்கு மேல் வேண்டாம் என்றா.

திரும்பி வரும்போது பின்சீற்றில் பிள்ளை நித்திரை. துஷ்யந்தி பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நிற்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"அவன் போறதுக்கு முக்கேல்லை, அங்கிள். போகாமல் இருக்க முக்கினவன். நாங்கள் எல்லாரும் சுத்தி நிண்டு கை தட்டினனாங்கள்."

நாலு போத்தல்கள்

அடுத்த நாள் காலை கோபி பிள்ளையை இறக்கும்போது கார் சீற்றிலிருந்து ஒரு பால் போத்தல் உருண்டு விழுந்தது. வெறும் போத்தல், அடியில் நுரை. இது என்ன என்றேன். வரும் வழியில் கொடுத்தேன் என்றான். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டான் என்று தினமும் கொடுக்கிறானாம். தாய் ஏற்கெனவே கொடுத்தாளே என்றேன். அவனுக்குத் தெரியாது. அவன் கொடுப்பது அவளுக்கும் தெரியாது.

பரமேஸ் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியும். பாத்திரத்தின் சத்தம் நின்றால் ஏதோ இருக்கிறது. மத்தியானம் பிள்ளை நித்திரையால் எழும்பினதும் அவளும் ஒரு போத்தல் கொடுக்கிறாளாம், மெலிந்த பிள்ளை என்று. மாமி வந்தால் மாமியும். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளையோடு இருக்க நேரம் இல்லாதவர்கள் எல்லாரும் பாலாகக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பாலில் மிதந்த பிள்ளைக்குச் சோறு எங்கே இறங்கும்?

நான் கோபியைப் பிடித்து ஏச நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடக் கதைக்கமாட்டீர்களோ என்று கேட்டும் விட்டேன். அவன் வெறும் போத்தலைக் கையில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அவ வெளிக்கிட நான் வாறன், அங்கிள். கதவடியிலைதான் சந்திக்கிறம். திறப்பு எங்கை, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கோ, அவ்வளவுதான் கதை."

தண்ணீர்

பால் குறைந்தது. முதல் நாட்கள் போத்தலுக்காக அழுதான். பரமேஸ் மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு பசி வந்தது.

சிவப்பரிசிமாப் புட்டு, பருப்புக்குள் கீரை, தோலோடு பெயார்ஸ் பழத்தை மெல்லிய துண்டாக, ஊறவைத்துக் கொட்டை எடுத்து மசித்த புரூன் பழம். வாழைப்பழம் கரும்புள்ளி விழும்வரை மேசையில் கிடக்க வேண்டும் என்பது என் சட்டம். கடையில் வாங்கின உடனே காம்பு பச்சையாக இருக்கும்போது கொடுத்துவிட்டு, பழம் கொடுத்தும் போகவில்லை என்று சொல்லுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தால் ஆரு துப்புவான். என் கோப்பையிலிருந்து களவாக எடுத்தால் தின்பான். அதனால் அவனுடைய சாப்பாட்டை என் கோப்பையில் போட்டு, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

தண்ணீர்தான் பெரிய பாடு. கப்பை நீட்டினால் வாயை மூடுவான். நான் குடித்தால் தானும் குடிப்பான், நான் வைத்தால் தானும் வைப்பான். ஆகவே அவன் ஒரு மிடறு குடிக்க நான் ஒரு மிடறு குடிக்க வேண்டும். கோபி காலையில் பிள்ளையோடு கொண்டுவந்து தருகிற, பவுடர் கரைத்த கப்பும் அப்படித்தான், எனக்கு வெறும் தண்ணீர், அவனுக்கு மருந்து. பின்னேரத்துக்குள் நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருப்பேன். பரமேஸ் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"பிள்ளைக்குப் போகுதோ இல்லையோ, இஞ்சாருங்கோ, உங்களுக்கு நல்லாப் போகுது."

பழகிப்போகும்

பவுடர் வேலை செய்தது. டயப்பரில் களி மாதிரி வந்தது, தானாக, அவனுக்கே தெரியாமல். கத்தல் இல்லை. எல்லாரும் கும்பிட்டார்கள். அதோடு கோபி பவுடரை நிறுத்திவிட்டான். வேலை இடத்தில் யாரோ சொன்னானாம், இதைக் கொடுத்தால் குடல் பழகிப்போய் இது இல்லாமல் வேலை செய்யாது என்று. லொறி ஓடுகிறவனுக்கு லொறி ஓடுகிறவன் டொக்டர். எங்களிடம் சொல்லவும் இல்லை. காலையில் மருந்துக் கப்பு வராதபடியால், வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார்கள் என்று நினைத்து நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஒரு கிழமை ஆகவில்லை, திரைச்சீலைக்குப் பின்னால் குதிக்கால். நான்தான் முதலில் கண்டேன். அந்த இடத்திலேயே நின்றேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. பின்னேரம் துஷ்யந்தி கோட்டோடு வாசலில் நின்று டொக்டரின் ஒஃபிசுக்கு ஃபோன் எடுத்தாள். கேட்டுக்கொண்டு நின்றாள், நிறைய நேரம். வைத்துவிட்டு, திரும்பத் தொடங்க வேண்டும், மாதக் கணக்கில் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்றாள்.

"வயிறு கெதியிலை சுகம் வந்திடுமாம், அங்கிள். பயம் சுகம் வரத்தான் நாள் செல்லுமாம்."

கேள்வி

இனி நான் சொல்லப்போவது எந்த டொக்டரும் சொல்லாதது. சொல்லத் தேவையில்லாததும். மற்றச் சனம் இதைச் செய்யாது, நாங்கள்தான் செய்வோம்.

துஷ்யந்தி பின்னேரம் வாசலில் சப்பாத்துக் கழற்றுமுன் கேட்கிற முதல் கேள்வி: கக்கா போனவனோ? கோபி எழும்பினதும் ஃபோனில்: போனவனோ? பிக்கரிங் மாமி: போனவனோ? யாழ்ப்பாணத்திலிருந்து கோபியின் தாய் வீடியோவில் வந்து, முகம் முழுக்கத் திரையில் நிரப்பிக்கொண்டு, என்ரை குஞ்சு கக்கா போனவரோ என்று கேட்பா. லண்டனில் ஒரு சித்தப்பாவுக்கும் தெரிந்திருந்தது. மூன்று கண்டத்தில் ஒரு பிள்ளையின் வயிறு செய்தி. அந்தச் செய்திக்கு உரியவன் அந்த நேரத்தில் மேசைக்குக் கீழே இருப்பான். ஒருநாள் நான் குனிந்து பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு கால் பின்னிக்கொண்டு இருந்தான்.

அன்றைக்கே சொன்னேன். இந்தக் கதவுக்கு உள்ளே இனி ஒருவரும் அதைக் கேட்கக்கூடாது. ஃபோனிலும் கூடாது. தெரிய வேண்டிய ஆட்களுக்குப் பிள்ளை இல்லாத இடத்தில் நான் சொல்லுவேன். துஷ்யந்தி தலையாட்டினாள். கோபி அடுத்த நாள் காலை பிள்ளையை இறக்கிவிட்டு வாசலில் நின்றான். வாய் திறந்தது, மூடியது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் அவனிடம் வேறு கேள்வி இல்லை. பாவமாக இருந்தது. கடைசியில் குந்தி இருந்து, இண்டைக்கு அங்கிளோடை என்ன விளையாடப்போறாய் என்று கேட்டான். ஆரு பதில் சொன்னான். லொறி, கரடி, லொறிக்குள் கரடி என்று நீளமாகச் சொன்னான். கோபி எழும்பிப் போகவில்லை, நித்திரை இல்லாத கண்ணோடு முழுக்கக் கேட்டான்.

மாமிக்கும் ஃபோன் எடுத்தேன். இந்த முறை மரியாதையாகத்தான் சொன்னேன். அவவும் ஏசவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டா.

"அதைக் கேக்காட்டி வேறை என்னத்தைக் கேக்கிறது, அண்ணை? அந்தப் பிள்ளையிலை அக்கறை எண்டு எப்பிடிக் காட்டுறது?"

கவிழ்த்த வாளி

கால் ஊன்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னாவே, அதற்குப் பலகை அடித்தேன். பொட்டிக்கு முன்னால் வைத்தால் அவன் பாதம் முழுக்கப் படியும், முழங்கால் கொஞ்சம் மேலே நிற்கும். மத்தியானச் சாப்பாடு முடிய அவன் பொட்டியில், நான் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல். கையில் இலவசத் தமிழ்ப் பேப்பர். நான் அவனைப் பார்ப்பதில்லை. அவன் கரடியோடு கதைப்பான். கொஞ்ச நேரம் போக, போதும் எழும்பு என்பேன். எழும்புவான். போனதா இல்லையா என்று நான் கேட்டதில்லை. அநேகமாக இல்லை. பவுடரால் டயப்பரில் போய்க்கொண்டிருந்தது, நித்திரையிலும் நடையிலும். அவனாக விட்டதில்லை. அவனாக விட வேண்டும். அதுதான் மிச்சம்.

வின்ரர் வந்து, திரைச்சீலைக்குப் பின்னால் குளிர் என்று பரமேஸ் அதை உயர்த்திக் கட்டிவிட்டாள். ஒளிக்க இடம் போய்விட்டதே என்று எனக்குப் பயம். அன்றைக்கு வெளியே பனி கொட்டுகிறது. அவன் பொட்டியில். நான் மரண அறிவித்தல் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தேன், என் வயதில் அதுதான் முதல் வாசிப்பு. கரடியோடு கதைத்த சத்தம் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். குதிக்கால் இரண்டும் மெல்ல எழும்பின. பல்லைக் கடித்தான். நான் பேப்பரைப் பார்த்தபடி இருந்தேன். எழுத்து ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்தச் சின்னக் கை வந்து நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்தது. குதிக்கால் பலகையில் இறங்கியது. இரண்டும்.

சத்தம் கேட்டது. நான் பக்கத்தைத் திருப்பினேன். கண் மங்கிப் போயிருந்தது, கண்ணாடியில் குற்றம் இல்லை. அவன் குனிந்து உள்ளே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், கரடிக்கும் காட்டினான்.

"நோகேல்லை, அங்கிள். கை தட்டாதை. பரமேஸ் அன்ரிக்குச் சொல்லாதை."

வாசல்

சொல்லவில்லை. சொன்ன சொல்லு சொல்லுத்தான். கழுவிவிட்டு அவனைப் பரமேசிடம் அனுப்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், திரும்பிப் போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். சத்தம் வழக்கத்தைவிடக் கூட.

பனியால் பஸ் பிந்தியது. அதனால் மாமி தன் மகனுடைய காரில் துஷ்யந்தியை ஏற்றிக்கொண்டு வந்தா. இரண்டு பேரும் வாசலில் பனியைத் தட்டினார்கள். துஷ்யந்தி கேட்கவில்லை. இத்தனை நாளில் பழகிவிட்டாள், ஆனாலும் அந்த இடத்தில் அவளுடைய வாய் ஒரு கணம் நிற்கும், எனக்குத் தெரியும். என்ன விளையாடினாய் குஞ்சு என்றாள். ஆரு கரடியைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். விளையாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா, நான் பொட்டியிலை போனனான், நானே போனனான், கரடி பாத்தது என்றான். சத்தமாகச் சொன்னான், வீட்டுக்கே கேட்க.

துஷ்யந்தி படியில் குந்தி இருந்துவிட்டாள், நனைந்த கோட்டோடு, ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். பிள்ளையைத் தூக்கவில்லை, கை தட்டவில்லை. நெற்றியை அவன் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவன் கரடியால் அவளுடைய தலையைத் தட்டினான். மாமி கதவோடு நின்று, வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தா. கையில் ஒரு பப்பாப்பழம், பேப்பரில் சுற்றினது. அதை என்னிடம் நீட்டினா.

"நான் ஒண்டும் கேக்கேல்லை, அண்ணை. நீங்கள்தான் சாட்சி."

ஒரு சின்னப் பிள்ளையின் வயிறு திறக்க, இத்தனை பெரியவர்களின் வாய் மூட வேண்டியிருந்தது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.